ஒரு ‘அல்லது’ படுத்திய பாடு

வார இறுதியில் பத்துப் பேர் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தரும் வகுப்பு எங்களுடையது. தேர்வு கிடையாது. போன வாரம் தத்துவமும் பைத்தான் என்ற நிரல்மொழியும் ஒரே நாளில் வந்துவிட்டன. “இன்று வருவேன் அல்லது நாளை வருவேன்” என்று ஒருவர் சொன்னால் ஏதோ ஒரு நாள் என்றுதானே எடுத்துக்கொள்வோம், ஆனால் நிரலில் இரண்டும் உண்மையானாலும் ‘அல்லது’ உண்மைதான், இதை வைத்தே ஒரு மணி நேரம் சண்டை. 1854இல் கணித அறிஞர் ஜார்ஜ் பூல்கூட தன் தர்க்க இயற்கணிதத்தில் ‘அல்லது’ என்பதைக் கூட்டலாக எழுதியபோது, ஒன்றோடொன்று கலக்காத (பொது உறுப்பே இல்லாத) தொகுதிகளைத்தான் கூட்டினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். (எனக்குப் பூல் கட்சிதான் பிடிக்கிறது.)

அப்புறம் மொபைல் வகுப்பு. டார்ச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்று கேட்டதும் எல்லோரும் அமைப்புகளைத் திறந்து அனுமதிகளை நீக்க ஆரம்பித்தார்கள், நேரம் முடிந்தது.