வட்டக்கச்சி பிக்கப்: செக் எஞ்சின் லைற் குறிப்புகள்

பெப்ரவரி 10, 2025, திங்கள்

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன், மாங்குளம் வர முன்னரே மஞ்சள் எஞ்சின் லைற் எரிந்துவிட்டது. பின்னால் 15 மூட்டை நெல், ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், வவுனியா மில்லுக்குக் கொண்டுபோகிறேன். லைற் மட்டும் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். வண்டி இழுக்கவில்லை, மிதித்தால் கறுப்புப் புகைதான் வருகிறது, வேகம் 60ஐத் தாண்ட மறுக்கிறது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். ஓயில் சரி, தண்ணீர் சரி, சூடும் ஏறவில்லை. சிவப்பு ஓயில் லைற் எரிந்திருந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருப்பேன். மஞ்சள் என்றபடியால் மெதுவாக ஓட்டிப்போய் நெல்லை இறக்கினேன். வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது ஒரு குறையும் தெரியவில்லை, லைற் மட்டும் அணையவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

கிளிநொச்சியில் ஒரு கராஜில் ஸ்கானர் போட்டார்கள். பி0299 என்று பிழைக் கோட் ஒன்று வந்தது. "டர்போ போயிற்று தம்பி, ரீகண்டிஷன் ஒன்று போடவேணும்" என்றார்கள், கூலியோடு மூன்று லட்சத்துக்குக் கிட்ட வருமாம். பொனற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வண்டி 2012ஆம் ஆண்டுடையது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இந்த மாதம்தான் திறந்திருக்கிறார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வண்டி என்ற கதை எங்கள் பக்கம் வராது. அறுவடை நேரத்தில் இது நின்றால் என் நெல்லும் நிற்கும், நம்பியிருக்கிற நாலு வீட்டு நெல்லும் நிற்கும். அதனால் அந்த மூன்று லட்சத்தைக் கேட்டவுடன் கொடுத்துவிட என்னால் முடியாது.

பி0299 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ, எஞ்சின் கேட்ட அளவு காற்று அழுத்தம் அதிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. பில்டர் அடைத்தாலும் இதே கோட், காற்றுக் குழாய் வெடித்தாலும் இதே கோட், டர்போ தேய்ந்தாலும் இதே கோட்.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. மூத்த மகளுக்குப் பாடசாலை இல்லை, அவள்தான் இன்று எனக்கு உதவி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 முனை சொக்கெற்றில் என் சின்ன புளூடூத் ரீடரைக் குத்தி, போனில் பார்க்கலாம் என்றேன். பற்றறி வயரைக் கழற்றிவிட்டால் லைற் அணையும் என்று மாமா சொன்னார். அணையும்தான், ஆனால் கோட்டோடு சேர்த்து, லைற் எரிந்த அந்த நிமிடத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று பதிந்து வைத்த கணக்கும் அழிந்துபோகும். எனக்கு வேண்டியது அந்தக் கணக்கு. வாசித்தோம்: 2300 சுற்று, வேகம் 62, லோட் 90 சதவீதம், தண்ணீர்ச் சூடு 88 பாகை. அதாவது சுமையோடு இழுக்கும்போதுதான் பிழை பிடிபட்டிருக்கிறது. வெறும் வண்டியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் சென்சரையே சந்தேகப்பட்டேன். சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பார்த்தால் அழுத்த சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டவேண்டும். வன்னி தாழ்ந்த தரை, 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் வரவேண்டும். 100 என்று காட்டியது. சென்சர் பொய் சொல்லவில்லை.

எயார் பில்டரைத் திறந்தேன். சூடடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற வண்டி, பதரும் தூசியுமாக அடைத்திருந்தது. புதிது போட்டேன். கோட்டை எழுதி வைத்துவிட்டு அழித்தேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

பக்கத்து வீட்டு நெல் 12 மூட்டையோடு கிளிநொச்சிக்குப் போனேன். ஏ9 வீதியில் ஏறி அழுத்தியதும் லைற் திரும்ப வந்துவிட்டது. அதே பி0299. மகள் போனில் எழுதிவைத்த கணக்கு: எஞ்சின் கேட்ட காற்று அழுத்தம் 190 கிலோபாஸ்கல், வந்தது 118. பில்டர் மாற்றவேண்டிய ஒன்றுதான், ஆனால் நோய் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற தடித்த குழாய்கள் எல்லாவற்றுக்கும் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன். மகள் சுற்றைக் கூட்ட நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை கிளம்பவில்லை. கிளிப்புகளில் புதிதாக ஓயில் கசிந்த அடையாளமும் இல்லை. எஞ்சினை ஆறவிட்டு டர்போவின் வாயில் கைவைத்து அச்சை ஆட்டிப் பார்த்தேன், இலகுவாகச் சுற்றியது, உள்ளே சுற்றுகிற சில்லு வெளி ஓட்டில் உரசிய தழும்பு கிடையாது. இதைப் போய்விட்டது என்று எப்படிச் சொன்னார்களோ!

பெப்ரவரி 15, சனி

பரந்தனில் லொறி வேலை செய்கிற அண்ணை ஒருவரோடு போனில் கதைத்தேன். "டர்போவைக் கழற்ற முதல் அந்தக் கம்பி ஆடுதா எண்டு பார் தம்பி" என்றார். இந்த ஒரு வசனத்துக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் மாதிரி டர்போக்களில் எஞ்சின் புகை நுழைகிற இடத்தில் சின்னச் சின்னத் தகடுகள் உண்டு. குறைந்த சுற்றில் அவை ஒடுங்கினால்தான் புகை வேகமாகப் பாய்ந்து சில்லைச் சுற்றும். அந்தத் தகடுகளை இழுப்பது ஒரு கம்பி, கம்பியை இழுப்பது வட்டமான தகரக் கிண்ணம், கிண்ணத்தை இயக்குவது வாக்கூம், அதாவது பம்ப் காற்றை உறிஞ்சுவதால் வருகிற இழுவை. வாக்கூம் வராவிட்டால் தகடுகள் விரிந்தபடியே நிற்கும், டர்போ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றைத் தள்ளாது.

மகள் ஸ்டார்ட் பண்ணினாள், நான் ரோச் அடித்துப் பார்த்தேன். என் வண்டியில் ஸ்டார்ட் ஆனதும் கம்பி இழுபடவேண்டும். அசையவே இல்லை.

கிண்ணம் கிழிந்ததா, வாக்கூம் வரவில்லையா என்று பிரித்துப் பார்க்க, பக்கத்து வீட்டு மாமி ஆட்டுக்குட்டிக்குப் பால் பருக்குகிற பெரிய சிறிஞ்சைக் கேட்டு வாங்கினேன். கிண்ணத்தின் குழாயைக் கழற்றி, வேறு துண்டுக் குழாயால் சிறிஞ்சை மாட்டி இழுத்தேன். கம்பி வடிவாக உள்ளே போனது, பிடித்து வைத்திருக்க அப்படியே நின்றது, விட்டதும் திரும்பி வந்தது. கிண்ணம் நல்லது, தகடுகளும் கரியில் இறுகவில்லை.

பிரேக்குக்கும் இதே வாக்கூம் பம்ப்தான். பெடல் மிதிக்க இறுக்கமாக இல்லை, ஆகவே பம்பும் வேலை செய்கிறது. மிச்சம், வாக்கூமை மின்சாரத்தால் திறந்து மூடுகிற சொலினோயிட் வால்வும் இடையில் ஓடுகிற மெல்லிய கறுப்புக் குழாய்களும். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் சிறிஞ்சால் இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது குழாய் பிடிக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பினால், சொலினோயிட்டுக்குக் கீழே வளைகிற இடத்தில் பல் பதிந்த ஓட்டை. எலி. இரண்டு கிழமையாக வண்டி நின்றது கொட்டிலில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

பெப்ரவரி 17, திங்கள்

பழைய துண்டையும் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில், தடித்த சுவர் உள்ள குழாயாகப் பார்த்து வாங்கினேன். சுவர் மெல்லியதென்றால் வாக்கூமில் ஒட்டிப்போய் அடைத்துக்கொள்ளும், காசு குறைவு என்று அதை வாங்கக்கூடாது. ஒரு மீற்றர் 450 ரூபா. மற்றக் குழாய்களும் சூட்டில் விறைத்திருந்தன, எல்லாவற்றையும் மாற்றினேன். ஸ்டார்ட் பண்ணியதும் கம்பி டக்கென்று உள்ளே போனது. மகள் கைதட்டினாள்.

பெப்ரவரி 20, வியாழன்

15 மூட்டையோடு வவுனியா போய் வந்தேன். கனகராயன்குளம் தாண்டி முழுதாக மிதித்தபோது கேட்டது 192, வந்தது 189. புகை இல்லை, லைற் இல்லை.

வண்டி இப்போது முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. மாமிக்குப் புது சிறிஞ்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஓயில் பட்டதை ஆட்டுக்குட்டியின் வாயில் வைக்க முடியாது, பழையது என் ஸ்பானர் பெட்டிக்குள் இருக்கிறது.