சோதனை, பறிமுதல், அந்தரங்கம்: தேர்வுக்கு நான் படித்த வரிசை

சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்தரங்க உரிமை என்றதும் அதை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்த 2017 புட்டசாமி தீர்ப்பை நேராகத் திறந்துவிடுகிறார்கள். 547 பக்கம், ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள். முதல் பக்கத்திலிருந்து படித்தால் பாதியில் தூக்கம்தான் வரும். நான் கடைசியில் இருக்கும் கூட்டு உத்தரவைத்தான் முதலில் படித்தேன். அந்தரங்க உரிமையை ஏற்காத பழைய தீர்ப்புகளான எம்.பி. சர்மா (1954), கரக் சிங் (1962) இரண்டும் எந்த அளவுக்கு ரத்தாகின்றன என்று அங்கே சுருக்கமாக இருக்கிறது. அப்புறம் அந்த இரண்டுக்கும் போங்கள்.

கரக் சிங் வழக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர் அவர். உத்தரப் பிரதேச போலீஸ் அவர்மேல் ஹிஸ்டரி ஷீட் (கண்காணிப்புக் கோப்பு) திறந்து, ராத்திரியில் போய்க் கதவைத் தட்டியது. அந்த இரவு வருகை செல்லாது என்றது ஆறு நீதிபதிகள் அமர்வு. அதே மூச்சில், அந்தரங்க உரிமை என்று ஒன்று அரசியல் சாசனத்தில் இல்லை என்றும் பெரும்பான்மை சொன்னது! இந்த முரணையும், அந்த அமர்வில் இருந்த நீதிபதி சுப்பா ராவின் மாறுபட்ட தீர்ப்பையும் எழுதினாலே விடைக்குக் கனம் வந்துவிடும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். "அந்தரங்கம் அடிப்படை உரிமை, ஆகவே முறைகேடான சோதனையில் சிக்கிய பொருள் சாட்சியமாகாது" என்று எழுதிவிடுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. வருமான வரிச் சோதனை பற்றிய பூரன் மல் (1974) தீர்ப்பின்படி, சட்டம் தடுக்காதவரை, வழக்குக்குத் தொடர்புள்ள பொருளைச் சாட்சியமாக ஏற்கலாம். சோதனை முறையானதா, கிடைத்ததை ஏற்கலாமா என்பவை இரண்டு கேள்விகள். விடையிலும் தனித்தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவு மட்டும் கொஞ்சம் வேறு. கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை கேட்கும் உரிமையைச் சொல்லாமலே ஒருவரைச் சோதித்து எடுத்த போதைப்பொருளை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்பது பல்தேவ் சிங் (1999). இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அந்தப் பிரிவு உடல் சோதனைக்குத்தான், கையில் இருக்கும் பைக்கு இல்லை என்றது பவன் குமார் (2005). பிரச்சினைக் கேள்வியில் "பை" என்று வந்தால் அடிக்கோடிடுங்கள்.

பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் பிரிவு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வாரண்ட் இல்லாத சோதனைக்கான 165, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 185. சோதனையை ஆடியோ வீடியோவில் பதியச் சொல்லும் 105 புதிதாக வந்தது.