கறுப்புத் துணிக்குள் ஒளிந்திருந்த சிவப்பு வட்டம்

நான்கு மாதமாக என்னைத் தூங்கவிடாத படம் போன ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்துவிட்டது. படத்தில் இருப்பவர்கள் இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்ட ஐந்தாவது இந்திய டிவிஷன் என்ற படைப்பிரிவு, 1945 மே மாதத்துக்குப் பிறகு எடுத்தது. இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கிய படம் அது. 6×9 செ.மீ. கான்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவின் அளவிலேயே அச்சிட்டது), பின்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு ஜீப், அதைச் சுற்றி ஐந்து பேர், பின்னால் பாதி தெரியும் ஒரு லாரி. இடது ஓரத்தில் நிற்பவர் மார்பில் மூன்று பதக்க ரிப்பன். எல்லோருடைய தோளிலும் ஒரு சதுரச் சின்னம். பிரச்சினையே அந்தச் சதுரம்தான். உள்ளே ஒன்றுமே இல்லை, முழுக் கறுப்பு.

இந்திய டிவிஷன் சின்னங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் யாருக்கும் இது உறுத்தும். வெறும் கறுப்புச் சதுரத்தை எந்த டிவிஷனும் அணியவில்லை. ஏழாவது என்றால் மஞ்சள் அம்பு தெரிய வேண்டும். இருபதாவது என்றால் வெள்ளைக் கையும் வாளும் பளிச்சென்று தெரியும். படம் மங்கிப்போயிருக்கிறது என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு மாதம் வீணானதற்கு ஒரு ஸ்டுடியோவும் காரணம். ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். 'ஆட்டோ' திருத்தம் போட்டு, நிழல் பகுதியை எல்லாம் ஒரே மைக்கறுப்பாக்கி, சின்ன ஜேபெக் கோப்பாகக் கொடுத்தார்கள். நமக்கு வேண்டிய தகவல் அத்தனையும் அந்த நிழலுக்குள்தான் இருக்கிறது! இனி யாரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, ரிச்சி தெருவில் பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். 1200 டிபிஐ, 16 பிட், டிஃப் கோப்பு, எந்தத் திருத்தமும் இல்லாமல். ஒரு ரிப்பனின் அகலம் பிரிண்டில் முக்கால் மில்லிமீட்டர்தான். ஆனாலும் திரையில் 35 பிக்சல் கிடைத்தது. அது போதும்.

சரி, சதுரத்துக்கு வருகிறேன். ஃபிலிமைப் பற்றி யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் காலத்து அமெச்சூர் கேமராக்களில் ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சர்வ சாதாரணம். கோடக்கின் வெரிக்ரோம் 1931இல் வந்தது. 1956இல் வெரிக்ரோம் பான் வரும்வரை அது ஆர்த்தோதான். நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு அதற்குக் கறுப்பு. அப்படியானால் கறுப்புத் துணியில் சிவப்புச் சின்னம் இருந்தால்? முழுச் சதுரமும் கறுப்பாகத்தான் விழும்.

படித்ததை மட்டும் நம்பி விட்டுவிட மனம் வரவில்லை, செய்தே பார்த்தேன். பாரிமுனையில் ஃபெல்ட் துணி வாங்கினேன்: கறுப்பு, பச்சை, மஞ்சள், அப்புறம் மூன்று வகைச் சிவப்பு. சின்னங்களை அளவாக வெட்டி ஒட்டி, மொட்டைமாடியில் காலை பத்து மணி வெயிலில் படம் எடுத்தேன். கணினியில் சிவப்பு சேனலை அடியோடு நீக்கி, நீலம் 60, பச்சை 40 என்று கலந்தேன். மஞ்சள் அம்பு சாம்பல் நிறத்தில் நன்றாகவே தெரிந்தது. இருபத்தைந்தாவது டிவிஷனின் பச்சையில் கறுப்பு இஸ்பேடும் தெளிவாகத் தெரிந்தது. கறுப்பில் சிவப்பு வட்டம்? காணவே இல்லை. ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டும் லேசான சாம்பலாக நின்றது. நல்ல இரத்தச் சிவப்பு இரண்டும் மறைந்தே போயின. ஆனால் வட்டத்தின் விளிம்பில் துணி சற்று மேடாக இருந்த இடத்தில் வெயில் பட்டு, மெல்லிய பிறைபோல் ஒரு கோடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய ஸ்கேனைத் திறந்து நிழல் பகுதியை வெளிச்சமாக்கினால், ஜீப்பின் மேல் உட்கார்ந்திருப்பவரின் தோளில் அதே பிறைக் கோடு! அந்த நிமிடத்துக்காக இன்னும் நான்கு மாதம்கூடக் காத்திருப்பேன்.

கறுப்பில் சிவப்பு என்றால் இரண்டு பேர்தான் போட்டியில் இருந்தார்கள். நான்காவது டிவிஷனின் சிவப்புக் கழுகு, ஐந்தாவது டிவிஷனின் சிவப்பு வட்டம். பிறைக் கோடு வட்டத்தைத்தான் சொல்கிறது. ஆனாலும் ஒரு கோட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ரிப்பன்களைப் பார்த்தேன்.

முதல் ரிப்பன் சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று மூன்று சமமான பட்டை. ஆர்த்தோவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் இப்படித்தான் விழும், 1939–45 ஸ்டார் என்ற போர்ப் பதக்கம். வெளிர்நீலம் அவருடைய தோள் பக்கம் இருப்பதால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிடவில்லை என்பதும் உறுதி. இரண்டாவது, நடுவில் தடித்த கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு: ஆப்பிரிக்கா ஸ்டார். இதுவரை இரண்டு டிவிஷனுக்கும் பொருந்தும், இரண்டுமே எரித்ரியாவிலும் பாலைவனத்திலும் சண்டை போட்டவை. மூன்றாவது ரிப்பன்தான் முடிச்சை அவிழ்த்தது. நான்காவது டிவிஷன் பிறகு இத்தாலிக்குப் போனது. இத்தாலி ஸ்டார் என்றால் இரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தே தீரும். இதில் வெள்ளையே இல்லை. கருநீலம், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஆர்த்தோவில் இருண்டுபோகும் நிறங்கள், அதாவது பர்மா ஸ்டார். அதை 1945 மே மாதத்தில்தான் ஏற்படுத்தினார்கள். 1944 மார்ச்சில் பர்மாவின் அரக்கானிலிருந்து விமானத்தில் இம்பாலுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட அதே ஐந்தாவது டிவிஷன்.

எடுத்த இடம் எது என்பதுதான் பாக்கி. இந்த டிவிஷன் 1945 செப்டம்பரில் சிங்கப்பூருக்கும் நவம்பரில் ஜாவாவின் சுரபயாவுக்கும் போனது. படத்தின் மூலையில் ஓட்டுக்கூரை ஒன்று தெரிகிறது, அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பருக்குப் பின்னால், கிரில்லுக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் சதுர வாட்டமாக இருக்கிறது. அதனால் ஃபோர்டு ஜிபிடபிள்யூ. வில்லிஸ் எம்பி என்றால் உருண்டைக் குழாயாக இருக்கும். கிரில்லில் ஒன்பது துளை. நம் ஊர் வீடுகளில் 'தாத்தா யுத்தத்தில் ஓட்டிய ஜீப்' என்று காட்டும் படங்களில் ஏழு துளையும் பெரிய ஹெட்லைட்டும் இருந்தால், அது யுத்தத்துக்குப் பிறகு வந்த சிவிலியன் சிஜே. தாத்தா யுத்தத்துக்குப் போயிருப்பார், அந்த ஜீப் போகவில்லை. பக்குவமாகச் சொல்லுங்கள், அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மனம் வாடும்.

லாரியை இன்னும் முடிக்கவில்லை. முன்கண்ணாடியின் அடிப்பக்கம் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் கனடாவில் செய்த சிஎம்பி ரக ராணுவ வண்டி, 13ஆம் எண் கேபின் என்று நினைக்கிறேன். செவர்லேவா ஃபோர்டா என்று பார்க்க முன்பக்கம் வேண்டும், அங்கேதான் ஒருவர் சாய்ந்து நிற்கிறார். கதவிலிருக்கும் எண் 'எல்' என்று தொடங்குகிறதா 'இசட்' என்று தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்துவிட்டால் பெரிய லாரி ரகமா ('எல்'), 15 ஹண்ட்ரட்வெயிட், அதாவது முக்கால் டன் சுமக்கும் சின்ன ரகமா ('இசட்') என்பதாவது தீரும்.

இதற்கு நடுவிலேயே அடுத்த படம் மேசைக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்துக் குழுப் படம். முன்வரிசையில் இரண்டு பேர் தலையில் இருப்பது துப்தா தொப்பி மாதிரி தெரிகிறது. அது மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியியல் பிரிவுக்கே உரியது; பட்டாளத்தில் 'தம்பி' என்று பெயர் வாங்கிய நம் ஆட்கள். ஒருவருக்குக் காலில் சுற்றிய பட்டி (நீளத் துணிப் பட்டை) முழங்காலிலிருந்து கீழே இறங்கிக் கணுக்காலில் முடிகிறது, அப்படியென்றால் குதிரை ஓட்டியவராக இருக்க வேண்டும். நாளை இரவு ஸ்கேன் செய்யப்போகிறேன், திருத்தம் எதுவும் இல்லாமல், 16 பிட்டில்.