ஒரு நாள்கூடத் தப்பலை

காரைக்குடியில் இத்தனை வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். யாருக்குச் சர்க்கரை ஏறினாலும் பிரஷர் ஏறினாலும் என் வாயில் முதலில் வருவது, "மாத்திரை விட்டுப் போச்சா?" அதைக் கேட்கக் கூடாத ஓர் இடத்தில் கேட்டேன்.

செட்டியார் வீட்டு ஆச்சிக்கு நுரையீரல் புற்றுநோய். புகை பக்கமே போகாதவர். மதுரையில் சதை எடுத்துச் சோதித்ததில் ஈ.ஜி.எஃப்.ஆர். ஜீனில் கோளாறு என்று தெரிந்து, ஜெஃபிட்டினிப் 250 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். தினம் ஒன்று. அந்த ஜீனிலிருந்து உண்டாகும் கோளாறான புரதம் செல்லைப் 'பெருகு, பெருகு' என்று விரட்டிக்கொண்டே இருக்கும். மாத்திரை அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் விரட்டல் நிற்கும். முகத்தில் பரு கிளம்பியது, வயிறு இளகியது. ஆனால் இரண்டே மாதத்தில் இருமல் அடங்கி, ஆச்சி முற்றத்தில் வற்றல் காயப்போட ஆரம்பித்துவிட்டார்.

பதினான்காம் மாதம் இருமல் திரும்பியது. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு செட்டியார் வந்து நின்றார். பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். மஞ்சள் பையிலிருந்து நீளக் கணக்கு நோட்டை எடுத்துக் கல்லாமேல் விரித்தார். தேதி, நேரம், மீதி எத்தனை மாத்திரை. பர்மாவில் லேவாதேவி செய்த குடும்பம். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

"ஒரு நாள்கூடத் தப்பலை தம்பி. நீங்களே பாருங்க."

நான் கேட்டிருக்க வேண்டியது, வயிற்றெரிச்சலுக்கு ஏதும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்பது. அது ஜெஃபிட்டினிப் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதுவும் இல்லை.

ரத்தச் சோதனையில் விடை வந்தது: டி790எம். புரதத்தின் 790ஆம் இடத்தில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் போய், பருமனான மெத்தியோனைன் வந்து உட்கார்ந்திருந்தது. அதன்பின் அந்தப் பள்ளம் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைத்தான் இறுகப் பிடிக்கும். மாத்திரையால் போட்டிபோட முடியாது. ஜெஃபிட்டினிப் முதலில் கேட்டு, பிறகு கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதுதான் கதை. சிலருக்கு இப்படிப்பட்ட செல்கள் கொஞ்சம் முதலிலேயே இருக்கும். மற்றவை மாத்திரையில் சாக, காலியான இடத்தில் இவை பெருகும். வேளை தவறாமல் சாப்பிட்டவருக்கும் இது வரும். அதைச் சொன்னபோதுதான் செட்டியார் நோட்டை மூடினார்.

அடுத்த மாத்திரை ஆசிமெர்டினிப், 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே புரதத்தின் 797ஆம் இடத்தில் உள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தில் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்ளும்.

"அந்தக் கொக்கியும் கழண்டா?"

மாட்டினது கழலாது. ஆனால் அந்தச் சிஸ்டைனே மாறிப்போய், கொக்கி மாட்ட இடமில்லாமல் போவதும் உண்டு. அதைக்கூடச் சொல்லிவிட்டேன், விலையைச் சொல்லத்தான் நா எழவில்லை.

மறுவாரம் மருந்து வந்தது. செட்டியார் புதுப் பக்கம் புரட்டி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, மருந்தின் பெயரை என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். அதன் கீழே: வரவு 10.