வால்வு நோய்க் கேள்வித்தாள்: ‘செய்வதில்லை’ என்ற கட்டம் படுத்திய பாடு

இதய வால்வு நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை கேசிசிக்யூ (கான்சாஸ் சிட்டி கார்டியோமயோபதி) கேள்வித்தாள் சரியாக அளக்கிறதா என்று குமரி மாவட்டத்தில் பார்த்து முடித்திருக்கிறோம். இதயச் செயலிழப்புக்கு என்று உருவான தாள் அது. 23 கேள்வி, கடந்த இரண்டு வார நிலை, 0 முதல் 100 வரை மதிப்பெண்; கூடினால் நலம். மொழிபெயர்ப்பு, அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்கும் பின்மொழிபெயர்ப்பு, நிபுணர் கூட்டம் எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தன.

முதல் அடி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு அலுவலகத்தில் விழுந்தது. ஒப்புதல் படிவத்தின் ஆங்கிலப் பிரதியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருந்தன. தமிழ்ப் பிரதியின் அடியில் இல்லை. முன்பே கேட்டபோது வாய் திறக்காத எழுத்தர், சமர்ப்பிக்கும் நாளில் கட்டு முழுவதையும் திருப்பித் தந்தார். அந்த முறை நெறிமுறைக் குழுக் கூட்டம் கைவிட்டுப் போனது. கேள்வித்தாளின் உரிமையாளரிடம் வாங்கிய அனுமதிக் கடிதத்தையும் கூடவே வைத்துவிடுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி வேண்டும். எங்கள் குழு ஆளே சாட்சி போட்ட படிவங்கள் செல்லாமல் போயின.

உண்மையான சிக்கல் உடலியக்கக் கேள்விகளில்தான். உடை உடுத்துவது, குளிப்பது, சமதரையில் நடப்பது, வீட்டுவேலை, மாடிப்படி ஏறுவது, வேகமாக நடப்பது அல்லது ஓடுவது என்று வரிசையாகக் கேட்டு, கடைசிக் கட்டமாக ‘வேறு காரணத்தால் முடியவில்லை, அல்லது செய்வதில்லை’ என்று இருக்கும். அதில் குறியிட்டால் அந்தக் கேள்வி விடுபட்டதாகக் கணக்கு. ஆறில் மூன்றுக்குப் பதில் இருந்தாலே மதிப்பெண் வந்துவிடும்.

மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ளது) சுருக்கம் வருடக்கணக்கில் மெல்ல முற்றும். மூச்சு வாங்குகிறதே என்று ஒவ்வொரு வேலையாக விட்டுக்கொண்டே வருவார்கள். விட்டதே மறந்தும் போகும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, “ஏத்தம் ஏறுறதா? அதெல்லாம் நான் போறதே இல்ல மக்கா” என்றார். குறி ‘செய்வதில்லை’ கட்டத்தில் விழுந்தது. கடினமான கேள்விகள் இப்படி உதிர்ந்ததும் மிஞ்சிய எளிய கேள்விகளின் சராசரி ஏறிவிடுகிறது. நோய் முற்றியவர் நலமானவராகத் தெரிகிறார். இதை நாங்கள் தாமதமாகத்தான் பிடித்தோம். அந்தக் கட்டத்தைத் தொட்டால் உடனே “ஏன் செய்யல? செஞ்சா என்ன ஆகும்?” என்று கேளுங்கள். “நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டும்” என்றால் அது ‘மிகவும் சிரமம்’. முட்டுவலி என்றாலோ வீட்டில் மாடியே இல்லை என்றாலோதான் கடைசிக் கட்டம். இந்தத் துணைக்கேள்வியை எழுத்தில் வைத்து எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். கேள்வியின் வாசகத்தை உரிமையாளர் சம்மதிக்காமல் மாற்றக் கூடாது.

நூறு மீட்டர் என்றால் பலருக்குப் பிடிபடவில்லை. “மூணு போஸ்ட் தூரம்” என்றதும் தலையாட்டினார்கள். இரண்டு வாரத்தை “போன வாரத்துக்கு முந்தின வாரம் இதே கிழமையிலிருந்து இன்று வரை” என்று சொன்னால் பிசகாது. விளவங்கோடு பக்கம் மலையாளமும் கலந்து பேசுவார்கள் என்பதால் மூச்சுத்திணறலுக்கு ‘இளைப்பு’, ‘கிதப்பு’ இரண்டையும் குறிப்பில் சேர்த்தோம். தாம்பத்தியம் பற்றிய கேள்விக்கு மாமியார் பக்கத்தில் இருந்தால் பதில் வராது. பெண் ஊழியர் தனியாகக் கேட்டபோதுதான் வந்தது.

நிலை மாறாதவரிடம் அதே தாளை மறுபடி கேட்டு, அதே பதில் வருகிறதா என்று பார்க்கும் மறுசோதனை இன்னொரு வீண் அலைச்சல். இரண்டு வாரம் கழித்து மீனவர் ஊரான தூத்தூருக்குப் போனால் ஆள் ஆழ்கடலில். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அப்போது எல்லாரும் ஊரில் இருப்பார்கள். ஆனால் ஒரு பதிலைக் கடலுக்குப் போகும் காலத்திலும் மற்றதைத் தடைக்காலத்திலும் வாங்கினால், மாறியது வேலையா உடம்பா என்று தெரியாது. இரண்டையும் தடைக்குள்ளேயே முடியுங்கள். நடுவில் நீர் போகும் மாத்திரையின் அளவு மாறியவரை மறுசோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் நிலை மாறியதால் வரும் வித்தியாசம் கேள்வித்தாளின் குறையாகப் பதிவாகிவிடும்.

வால்வு மாற்றியவர்களிடம் ஒரு மாதத்திலேயே கேட்டது எங்கள் தவறு. நெஞ்செலும்பு கூடும்வரை பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அங்கே ‘வேறு காரணம்’ என்ற குறி நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்தத் தாளை வைத்து முன்னேற்றத்தைக் கணக்கிட முடியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி போய்க் கேட்டோம்.