மனு கொடுக்கப் போன செனட்டர்: வெள்ளை அங்கியோடு மூன்று வாரம்

பொம்மைக்கு நான் செய்த மூன்றாவது தலைதான் சரியாக வந்தது. ஒன்றேகால் சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். முதல் இரண்டும் பார்க்க மோசமில்லை, ஆனால் அவை வேறு ஒருத்தியின் முகங்கள்.

நான் செய்துகொண்டிருப்பது ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் செனட்டர் மான் மாத்மாவின் உருவம், 1:18 அளவில், அதாவது நிஜ ஆளில் பதினெட்டில் ஒரு பங்கு. 1983-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ படத்தில் கரோலின் பிளாகிஸ்டன் நடித்த கிளர்ச்சித் தலைவி அல்ல. 2005-இல் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ படத்துக்காக ஜெனிவீவ் ஓரெய்லி நடித்து, எடிட்டிங்கில் போய்விட்ட இளம் செனட்டர். பெயில் ஆர்கனா என்ற செனட்டரின் அலுவலகத்தில் சில செனட்டர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் இன்னொரு செனட்டரான பத்மேயின் வீட்டில் கூடுகிறார்கள். கடைசியில் 2,000 பேர் ஆதரித்த மனுவோடு, ஆட்சித் தலைவர் பால்படீன் முன்னால் போய் உட்காருகிறார்கள். அவருக்குப் பின்னால் படத்தின் நாயகன் அனகின் நிற்கிறான். கதை அனகினைச் சுற்றியே ஓட வேண்டும் என்பதால் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இவற்றை வெட்டிவிட்டார். பானா பிரீமு என்ற செனட்டராக வந்த பாய் லிங்கின் காட்சிகளும் இதோடு போயின. டிவிடியில் வெட்டிய காட்சிகளாக இவை இருக்கின்றன. எனக்கு முழுப் படத்தையும்விட இந்தச் சில நிமிடங்கள்தான் நெருக்கம்.

சரி, தலைக்கு வருகிறேன். அலுமினியத் தாளை உருட்டி, கம்பி முனையில் குத்தி, அதன்மேல் எபாக்ஸி புட்டியை (பிசைந்து வைத்தால் கெட்டியாக இறுகிவிடும் மாவு) மெல்லிசாக ஏற்றினேன். இரண்டு தடவையும் உதட்டை இறுக்கிவிட்டேன். படை நடத்துகிற பெண் வந்து நின்றாள். எனக்கு வேண்டியதோ, மனு கொடுத்தால் கேட்பார்கள் என்று இன்னும் நம்புகிற பெண். மூன்றாவது தடவை ஊசி முனையால் வாயோரத்தைக் கால் மில்லிமீட்டர் தளர்த்தி, மேல் இமையைக் கொஞ்சம் இறக்கினேன். அந்த நிமிடமே அவள் வந்துவிட்டாள். அதற்குமேல் தொடாமல் மறுநாள் வரை இறுக விட்டேன்.

அங்கிக்குப் புட்டியை டால்கம் பவுடர் தூவித் தகடாகத் தேய்த்து, அரை மணி நேரம் போல விட்டுத்தான் போர்த்தினேன். உடனே போர்த்தினால் தோளில் கிழிந்துவிடுகிறது. மடிப்புகள் எப்படி விழும் என்று பார்க்க என் முழங்கையில் ஒரு கைக்குட்டையைப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி எந்த இடத்தில் தொங்குகிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்புகிறது. மற்ற இடங்களில் சும்மா கோடு இழுத்தால் பொய்யாகத் தெரியும். கையில் மனுவைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது. விரல்களைக் கோத்து வயிற்றுக்கு மேலே வைத்தேன்.

பெயின்ட்தான் என்னைப் படுத்தி எடுத்தது. அங்கி வெள்ளைதானே என்று வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, மேலே கெட்டியாக வெள்ளை அக்ரிலிக் பூசினேன். பட்டுபோல் தேய்த்து வைத்திருந்த மடிப்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகிவிட்டது. பெயின்ட் முழுவதையும் கரைத்து எடுத்து, சாம்பல் பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இப்போது செய்தது இது. அடியில் வெளிர் சாம்பலில் துளி சந்தன நிறம் கலந்த பூச்சு. பள்ளங்களில் நீலம் தட்டிய சாம்பல். மேடுகளுக்குப் படிப்படியாக வெளுப்பு ஏற்றிய கலவை, பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. மொத்தம் ஒன்பது பூச்சு. சுத்த வெள்ளை தோள் முனையிலும் இரண்டு பெரிய மடிப்புகளின் விளிம்பிலும் மட்டும். கிட்டத்தில் பார்த்தால் உருவத்தில் வெள்ளையே குறைவு. ஒரு கை தூரத்தில் வைத்தால் துணி பளிச்சென்று இருக்கிறது. எண்ணெய்ப் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் அடித்து மூடினேன்.

பெயின்ட் காய்கிற நேரங்களில் அந்தக் காட்சிகளையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். வெட்டுப்பட்ட அதே ஓரெய்லி 2016-இல் ‘ரோக் ஒன்’ படத்தில் மான் மாத்மாவாகவே திரும்பி வந்தார். 2022-இல் தொடங்கிய ‘ஆண்டோர்’ தொடரில் முக்கியமான பாத்திரங்களில் ஒருவரானார். அந்தத் தொடரின் செனட் உரையைப் பார்த்துவிட்டு 2005-இன் அமைதியான முகத்துக்குத் திரும்பினால், வாயோரத்தை நான் தளர்த்தியது சரிதான் என்று தெரிகிறது.

தலைமுடி பாக்கி. குட்டையான செம்பழுப்பு முடி, இரண்டு பூச்சில் முடிந்துவிடும். பீடத்தை ஐந்து பேர் நிற்கிற அகலத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். அடுத்து, அதே மனுக் கூட்டத்துச் செனட்டர் ஃபாங் ஸார். அவருடைய தாடிக்கும் உச்சிக் குடுமிக்கும் இப்போதே மெல்லிய ஊசிகளைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.