சித்தப்பாவின் ஹைபிரிட் கணக்கு

சித்தப்பா கார் மாற்றப் போகிறார். ஒரு மாதமாக வீட்டில் இதுதான் கதை. சாதாரணப் பெற்றோல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு ஹைபிரிட்டையும் (பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள கார்) பார்த்து வைத்திருக்கிறார், இரண்டுக்கும் நடுவில் 15 இலட்சம் ரூபா வித்தியாசம். "பெற்றோல் மிச்சத்தில அந்தக் காசு வந்திடும்தானே தம்பி?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நான் கொப்பியை எடுத்தேன்.

அவருடைய ஓட்டம் மாதம் 600 கிலோமீற்றரைத் தாண்டாது. கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தை, வெள்ளிக்கிழமை நல்லூர், எப்போதாவது பருத்தித்துறைப் பக்கம் ஒரு கலியாண வீடு. வருடத்துக்கு 7,200. லீற்றருக்கு 13 ஓடுகிற கார் 554 லீற்றர் குடிக்கும், 20 ஓடுகிற ஹைபிரிட் 360. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருட மிச்சம் 58,000 சொச்சம். அப்படியென்றால் 15 இலட்சம் திரும்பி வர 25 வருடத்துக்கு மேல் வேண்டும், சித்தப்பாவுக்கு இப்போதே 67. லீசிங்கில் எடுத்தால் இன்னும் மோசம், அந்த 15 இலட்சத்துக்கு 12 வீத வட்டி என்றாலே முதல் வருடத்தில் 180,000 ரூபா. விற்கும்போது கூடக் கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பும்தான், பற்றறி நன்றாக இருந்தால்.

மாதம் 4,000 கிலோமீற்றர் ஹயர் ஓடுகிறவருக்கு அதே கணக்கைப் போட்டால் நாலு வருடத்துக்குள் காசு வந்துவிடுகிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஹைபிரிட் பெரிதாக மிச்சம் பிடிப்பது நின்று நின்று ஓடும்போது, பிரேக் பிடிக்கையில் வீணாகிற சக்தியை மோட்டார் மின்சாரமாக்கிப் பற்றறிக்கு அனுப்பும் (சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை). கொழும்பில் காலி வீதி நெரிசலுக்கு அது அருமை. ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போகிற காருக்கு அந்த வித்தை அவ்வளவாக உதவாது. யாழ்ப்பாணத்திலோ மேடும் இல்லை, பெரிய நெரிசலும் இல்லை.

சித்தப்பா கொப்பியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பிறகு 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை இழுத்தார். ஜூன் மாதம் பெற்றோல் 470 ரூபா, அதுவும் பெற்றோல் செட்டில் இருந்தால்தானே. பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு காருக்குள் படுத்தவர் அவர், சித்தி சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் போய் வந்தா. அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீடு வந்தபோது காருக்கு ஆரம்பத்தில் கிழமைக்கு 20 லீற்றர். பக்கத்து வீட்டு ஹைபிரிட் அந்த 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் ஓடியது, இவருடைய பழைய கார் 200 ஓடினாலே பெரிய விஷயம். அதற்கு முந்தின தலைமுறைக் கதையும் அவரிடம் உண்டு. 90களின் பொருளாதாரத் தடையில் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர், ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல், அந்தச் சின்னப் போத்தலைச் சாமியறையில் வைத்திருந்தாராம். இந்த மனிதரிடம் 25 வருடக் கணக்கைக் காட்டி என்ன பிரயோசனம்?

சரி, அப்படியே எடுப்பதென்றால் பயப்பட வேண்டியது பற்றறிக்குத்தான். போன வருடம் நண்பன் ஒருவனின் ரொயோட்டா அக்குவாவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுத் துளை இருக்கும், பற்றறியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. அதைத் திறந்தால் உள்ளே செம்மண் புழுதி, தலைமயிர், ஒரு கச்சான் கோது, எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரித் திரண்டு கிடந்தது. முன்பு பார்த்த கராஜில் பற்றறியையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். துடைத்துப் பூட்டினோம், இன்னும் ஓடுகிறது.

முழு மின்சாரக் கார் என்றால் எனக்கே ஆசை, கூரையில் சோலார் பூட்டி, கார் பகலில் வீட்டில் நிற்கிற ஆளுக்கு அது நல்ல யோசனை. ஆனால் நம் விலைக்கு ஏற்ற மாதிரிக் கிடைப்பது பழைய நிசான் லீஃப். 2011 மொடலுக்கு, புதிதாக இருந்தபோதே அமெரிக்கச் சோதனையில் ஒரு முழுச் சார்ஜுக்கு 117 கிலோமீற்றர்தான், இங்கிருந்து வவுனியாவே 140. அதன் பற்றறிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது, சித்திரை வெயிலில் வெளியே நின்று நின்று கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். டாஷ்போர்டில் பற்றறியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சுன்னாகத்துக்கு அந்த ஹைபிரிட்டைப் பார்க்கப் போகிறோம். ரோச் லைற்றும் ஸ்குரூ டிரைவரும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கொப்பி வேண்டாமாம்.